அப்பா சைக்கிளில் போவது உடம்புக்காக மட்டுமே

மேலக்கரைவிளை,
அக்டோபர் 9.

அன்பு மகன் ஜெஸ்பினுக்கு, அப்பா ஞானையன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி ஷெர்லியும் தேவ கிருபையால் சுகமாக இருக்கிறோம். அங்கே குவைத்தில் உன் சுகம், சாப்பாடு, வெயில், மேலதிகாரியின் குணம் எல்லாவற்றையும் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் அம்மா முதல் ஐந்து நிமிடம் அழுகிறாள், அடுத்த ஐந்து நிமிடம் அங்கே சாளை மீன் கிடைக்குமா என்று கேட்கிறாள், என் முறை வரும்போது நீ டவர் இல்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிற உன் கூட்டாளி லிபின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எழுதி முடித்ததும் உன் அம்மா முழுக்க வாசித்துப் பார்ப்பாள். முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டினவனாக இருந்தாலும் இந்த வீட்டில் எனக்கு விசில் அடிப்பது அவள்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். இது கிடைத்த அன்றே நீ கம்பெனி உடுப்பைப் போட்டுக்கொண்டு, கம்பெனி போர்டுக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். போர்டில் எழுத்து தெரிய வேண்டும். சிரித்துக்கொண்டு நில். ஏனென்றால் உனக்கு வேலை போய்விட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சு. அதற்கு அவர்களிடம் உள்ள ஒரே ஆதாரம் நான் சைக்கிளில் போவது. மகன் கல்ஃபில் இருக்கிறான், வீட்டில் கார் நிற்கிறது, அப்பன் சைக்கிள் மிதிக்கிறான் என்றால் வேறு என்ன அர்த்தம் என்கிறார்கள். ஷெர்லிக்குத் தக்கலையிலிருந்து வந்த நல்ல சம்பந்தமும் இந்தப் பேச்சில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. உன் ஒரு போட்டோவில் எல்லாம் சரியாகிவிடும்.

சைக்கிள் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் உன் சித்தி கீரிப்பாறை எஸ்டேட்டில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். அம்மாவும் ஷெர்லியும் பத்து நாள் அங்கே போய்த் தங்கினார்கள். அந்தச் சமயத்தில் நான் டாக்டரிடம் போனேன். சுகர் இருநூற்று நாற்பது. "முப்பது வருஷம் பஸ்ல உக்காந்தே இருந்திருக்கீங்க, இப்ப கார்லயும் உக்காந்தே போறீங்க, காலுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" என்று கேட்டார். ரோஷம் வந்துவிட்டது. விறகுச் சாய்ப்பில் தொங்கிக்கொண்டிருந்த உன் பாலிடெக்னிக் சைக்கிளை இறக்கி, டயர் ரெண்டும் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, சீட்டைத் தாழ்த்தி எடுத்துவிட்டேன். அன்று முதல் ரேஷன் கடை, கரண்ட் ஆபீஸ், மருந்துக்கடை, சந்தை எல்லாம் சைக்கிள்தான். கார் பத்திரமாக இருக்கிறது. கவர் போட்டு ஷெட்டில் நிற்கிறது. அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

மக்கா, சைக்கிளின் அருமை தெரியாமல் அறுபத்து நாலு வயது வரை இருந்துவிட்டேனே என்று வருத்தமாக இருக்கிறது. காரில் வடசேரி சந்தைக்குப் போனால் போய்ச்சேரப் பத்து நிமிடம், வண்டியை நிறுத்த இடம் தேட அரை மணி நேரம், நிறுத்தின இடத்துக் கடைக்காரனோடு சண்டை பிடிக்க இன்னொரு கால் மணி. சைக்கிளை முருங்கைக்காய்க்காரி பக்கத்தில் சாத்தி வைத்தால் அவளே பார்த்துக்கொள்கிறாள். காரில் போகும்போது மீன் விற்கிறவள் தலைக்கூடை மட்டும்தான் தெரியும், சைக்கிளில் போனால் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கலாம். கால்வாய்க் கரை வழியாகப் போனால் காற்று, மலை, வாழைத்தோட்டம். முட்டு வலி போச்சு. உறக்கம் நன்றாக வருகிறது. மலச்சிக்கலும் போச்சு. இந்த வரியை உன் அம்மா அடிக்கச் சொல்வாள், நான் அடிக்கப் போவதில்லை.

ஆனால் ஒரு மனுஷன் நிம்மதியாக ஆரோக்கியமாக இருக்க இந்த ஊர் விடுமா? முதல் வாரமே தொடங்கிவிட்டது. நான் ஓட்டின அதே கீரிப்பாறை பஸ் எனக்குப் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. ஒதுங்கினேன். தாண்டிப் போகவில்லை, நின்றது. என்னோடு கண்டக்டராக இருந்த வைகுண்டராஜன் படியில் தொங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, ஏறுங்க! சைக்கிளப் பின்னால தூக்கிப் போட்டுக்கிடலாம். நீங்க போயி இந்த நெலமையில…" என்று கையை நீட்டினான். "எந்த நெலமையில ஓய்? எனக்கு ரிட்டயர்டு பாஸ் இருக்கு, பஸ்ல போகணும்னா போக மாட்டேனா? உடம்புக்காக்கும் சைக்கிள் சவுட்டுகேன்!" என்று கத்தினேன். பஸ் முழுக்க ஜன்னல் வழியே தலை நீட்டிப் பார்த்தது. ஒரு அம்மா 'த்சு த்சு' என்றாள். நான் ஓட்டின காலத்தில் இப்படி வழியில் நிறுத்தி வம்பு பேசியிருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள்.

அடுத்தது பக்கத்து வீட்டு ஜெபமணி. நம் சபைச் செயலாளராகி மூன்று வருஷம் ஆகியும் அவன் கோழியை அடக்கத் தெரியாதவன். அந்தக் கோழி நம் கார் கவருக்குள் புகுந்து முட்டையிடப் பழகிவிட்டது. முன்பக்கம் நுழைகிறது, பின்பக்கம் வருகிறது. "என்ன ஓய், காருக்கு அடியில சக்கரம் கிக்கரம் ஒண்ணும் இல்லியா, கோழி ரயில்வே ஸ்டேஷன் போல போயி வருது?" என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டான். "அது பழைய கவரு, தொளதொளன்னு கெடக்கு. உம்ம கோழியப் பிடிச்சுக் கெட்டும்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து முட்டை எடுக்க உன் அம்மா மட்டும்தான் போகிறாள், அதுவும் ஜெபமணி பார்க்காத நேரத்தில்.

செப்டம்பரில் ஒரு நாள் மத்தியானம் சோறு தின்றுவிட்டுச் சாய்ந்திருக்கிறேன். ஜெபமணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டான். வேர்த்துக் கொட்டுகிறது. "ஓய் ஞானையா, நெஞ்ச அடைக்குது, காரை எடும், காரை எடும்" என்கிறான். சாவி எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. மனுஷனுக்குப் பதற்றத்தில் அப்படித்தான் ஆகும். "கார்ல அடைச்சு உக்காந்தா இன்னும் அடைக்கும், சைக்கிள்ல ஏறும், காத்து கெடைக்கும்" என்று அவனைத் தூக்கிக் கேரியரில் வைத்தேன். அவன் எண்பத்தைந்து கிலோ. பின்னால் என் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "என் பெஞ்சாதிட்ட சொல்லும், பேங்கு பாஸ்புக்கு பைபிளுக்குள்ள இருக்கு" என்று மரண சாசனம் சொல்லிக்கொண்டே வந்தான். ஜங்ஷனில் ஆட்டோ பிடிக்கலாம் என்று நான் செத்துப் பிழைத்து மிதிக்கிறேன். கால்வாய்ப் பாலத்துப் பள்ளத்தில் சைக்கிள் விழுந்து எழும்பியது. ஜெபமணி ஒரு ஏப்பம் விட்டான் பாரு, வாழைத்தோப்பில் இருந்த கொக்கெல்லாம் பறந்துபோச்சு. அவ்வளவுதான். நெஞ்சு வலி போன இடம் தெரியவில்லை. காரில் போயிருந்தால் அந்தக் குலுக்கல் கிடைத்திருக்குமா? ஐ.சி.யு.வில் அல்லவா கொண்டு படுக்க வைத்திருப்பார்கள்! ஆனால் அவன் நன்றி சொன்னானா? "சாகக் கெடந்தவனுக்குக் காரை எடுக்கல்ல. பெட்ரோல் ஊத்த வழியில்லாமத்தான். பையனுக்கு அங்க என்னமோ ஆயிப்போச்சு" என்று டீக்கடையில் சொல்லிவிட்டான். மறுநாள் காலைக்குள் உனக்கு வேலை போய்விட்டது.

அதற்கடுத்த ஞாயிறு நடந்ததையும் கேள். ஆராதனையில் போதகர் பெட்டியிலிருந்து ஜெப விண்ணப்பச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பாரே, வழக்கம்போல ஆபரேஷன், பரீட்சை, குழந்தைப்பேறு எல்லாம் வந்தது. நாலாவது சீட்டு: "வெளிநாட்டில் வேலையிழந்து, வீட்டாரிடம் சொல்லவும் முடியாமல் தவிக்கிற நம் சபை மகன் ஒருவன் பத்திரமாய் வீடு திரும்ப." பேர் இல்லை. பேர் எதற்கு? சபை முழுக்கத் திரும்பி நம் பெஞ்சைப் பார்த்தது. வெளிநாட்டில் நம் சபைப் பிள்ளைகள் பதினாலு பேர் இருக்கிறார்கள், ஒருத்தராவது வேறு பெஞ்சைப் பார்க்க வேண்டுமே! உன் அம்மா குனிந்தவள் நிமிரவே இல்லை, சேலைத் தலைப்பு நனைந்துபோச்சு. ஊரார் இப்படி அவமானப்படுத்தினால் பெண்பிள்ளை அழ மாட்டாளா?

எழுதிப் போட்டது ஜெபமணிதான் என்று எனக்கு உறுதி. அவன் கையெழுத்தைச் சபை மகமை ரசீதில் பார்த்திருக்கிறேன். ஆராதனை முடிந்ததும் போதகரிடம் அந்தச் சீட்டைக் காட்டச் சொன்னேன். "அது எழுதினவங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது, ஞானையன். நான் காட்டக்கூடாது" என்றார். அதற்குப்பிறகு மூன்று வாரமாக நான் ஜெபமணியோடு பேசவில்லை. அவன் வேதத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். "ஓய், நான் டீக்கடையில சொன்னேன், ஒத்துக்கிடுகேன். சீட்டு நான் எழுதல்ல!" என்றான். யார் நம்புவது?

பிறகு ராஜபாய் வந்தாள், தக்கலைச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறவள். சாயா குடித்தாள், முறுக்கு தின்றாள், எழும்புகிற நேரத்தில் சொன்னாள்: "பொண்ணுக்க அப்பா சைக்கிள் கேரியர்ல இளவங்காய் கெட்டிக்கிட்டு வடசேரியில போறத மாப்பிள்ளைக்க சித்தப்பா கண்ணால கண்டாராம். அவிய குத்தம் சொல்லல்ல. கிறிஸ்மஸ் கழியட்டும், பையனுக்க காரியம் என்னன்னு தெரியட்டும்னு சொல்லுகாவ." எனக்கு வந்த கோபத்தில், "சாம்பாருக்கு வாங்கின இளவங்காயை என்ன பல்லக்கிலா கொண்டு வரணும்?" என்று கேட்டேன். ஷெர்லி உள்ளேயிருந்து, "அப்பா, விடுங்க. இளவங்காயப் பாத்துப் பயப்படுக வீட்டுக்கு நான் போகல்ல" என்றாள். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு வெகுநேரம் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நம் வீட்டில் அவ்வளவு பாத்திரம் கிடையாது.

கடைசியாக, போன ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. ஆலயத்துக்குக் காணிக்கையாக வந்ததை ஏலம் போடும்போது முதல் வாழைக்குலையை நாம்தான் எடுப்போம் என்பது நீ குவைத்துக்குப் போன வருஷத்திலிருந்து உள்ள வழக்கம். ஒரு ஏத்தன் வாழைக்குலையை ஒரு ஆட்டுக்கடா விலைக்கு ஏற்றி எடுத்திருக்கிறேன், ஆலயத்துக்குப் போகிற பணம்தானே என்று. இந்த வருஷம் ஏலம் போட நின்றது ஜெபமணி. குலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாப் பக்கமும் பார்க்கிறான், என்னைப் பார்க்கவில்லை. சங்கடப்படுத்த வேண்டாம் என்று இரக்கமாம்! கூட்டம் முழுக்கத் தரையைப் பார்க்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பி நின்று ஒரு விலை சொன்னேன். சும்மா தொடக்க விலை, கடைத்தெருவில் அதைவிட அதிகம் கொடுக்க வேண்டும். எவனாவது ஏற்றிக் கேட்பான், நான் அதுக்கு மேலே கேட்பேன், இவர்களுக்குக் காட்டிக்கொடுப்பேன் என்று நிற்கிறேன். ஒருத்தன் வாய் திறக்கவில்லை. வருஷாவருஷம் என்னோடு மல்லுக்கு நிற்கிற கொத்தனார் பூங்கனி மகன்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஏலே, கேளுங்கலே!" என்று நானே கத்தினேன். ஜெபமணி அவசரமாக ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம் என்று சொல்லி முடித்துவிட்டான். குலையை என் கையில் தந்தபோது யாரோ கைதட்டத் தொடங்கி பாதியில் நிறுத்தினார்கள். பிச்சை வாங்கினவன்போல நின்றேன். ஆண்டவர் சந்நிதியில் இதைச் சொல்லக்கூடாது, ஆனால் அந்தக் குலையை ஜெபமணி தலையில் போட்டு உடைக்கலாம் என்று தோன்றியது.

இருபது கிலோ குலை. அதையும் சைக்கிளில்தான் கொண்டு வந்தேன். சபையே வாசலில் நின்று பார்த்தது. நாலு பேர் பிடித்துவிட ஓடி வந்தார்கள், விடவில்லை. கேரியரில் கட்டி மிதித்து ஏறினால் முன்சக்கரம் மேலே தூக்குகிறது. இறங்கி உருட்டினேன். வீடு வரை உருட்டினேன். அந்தக் குலையைத்தான் உன் அம்மாவும் ஷெர்லியும் சீவி, தேங்காய் எண்ணெயில் சிப்ஸாகப் பொரித்து லிபின் கையில் தந்திருக்கிறார்கள். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

ஆகவே மக்கா, சைக்கிளால் உடம்புக்கு வந்த நன்மை அநேகம், மனதுக்கு வந்த கேடு இந்த ஊரால் வந்தது. நான் சைக்கிளை விட மாட்டேன். நீ போட்டோவை அனுப்பு. பெரிதாக்கி பிரேம் போட்டு ஆலயத்து நோட்டீஸ் போர்டில் தொங்கவிடுகிறேன். உன்னைப் பெற்றவர்களின் ஆசீர்வாதம் உன் தலைமேல் இருக்கட்டும். நீ போகும்போதும் வரும்போதும் ஆண்டவர் உன் காலடிகளைக் காக்கட்டும். ஷெர்லி விசாரித்ததாகச் சொன்னாள். ஜெபமணியும் விசாரித்தான், ஆனால் நான் அதை எழுதப் போவதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஞா. ஞானையன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை உன் அம்மா வாசித்துவிட்டாள். மலச்சிக்கல் வரியைத் தவிர குற்றம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது லிபின் வீட்டுக்கு ஊறுகாய் பாட்டில் கொடுக்கப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் எழுதுகிறேன். மக்கா, போட்டோ வேண்டாம். எனக்குத் தெரியும். லிபின் லீவுக்கு வந்த மறுநாளே வடசேரி பஸ் ஸ்டாண்டில் வைத்து என்னிடம் சொல்லிவிட்டான், அவனால் பொறுக்க முடியாமல் சொன்னான், அவனைத் திட்டாதே. ஏப்ரலிலேயே உன் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றும், விசா முடிந்து நீ உச்சி வெயிலில் ஊரான் கார்களைக் கழுவிக்கொண்டு, வீட்டுக்கு மாசாமாசம் ஒன்றும் குறையாமல் அனுப்புகிறாய் என்றும் சொன்னான். அன்றைக்கு நான் காரில்தான் போயிருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பக் கை வரவில்லை. நீ அங்கே கார் கழுவுகிற காசில் நான் இங்கே கார் ஓட்டுகிறேனே என்று இருந்தது. அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். டாக்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இருநூற்று நாற்பது போன வருஷத்துச் சுகர். அம்மா கீரிப்பாறையில் இருந்த பத்து நாளில் காரை விற்றுவிட்டேன். ஷெட்டில் கவருக்குள்ளே கிடப்பது நம் பழைய கட்டிலும் ரெண்டு அண்டாவும். ஜெபமணியின் கோழிக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. டிக்கெட்டுக்கும் விசா அபராதத்துக்கும் வேண்டியதை லிபினிடம் கொடுத்திருக்கிறேன். ஊர் சொன்னதெல்லாம் சரி, நான் எழுதினதெல்லாம் பொய். சைக்கிள் நல்லது என்பது மட்டும் நிஜம். நீ வா. உன் சைக்கிளை நான் கெடுக்கவில்லை, சீட்டை மட்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும். சைக்கிள் மாமனார் போதும் என்று ஷெர்லிக்கு ஒருத்தன் வருவான். அம்மாவிடம் மட்டும் ஒன்றும் சொல்லாதே, நேரில் வந்து மெதுவாகச் சொல்லலாம், அவள் தாங்க மாட்டாள்.

மக்கா ஜெஸ்பின், அம்மா எழுதுகேன். உங்க அப்பா கடுதாசியச் சோத்துப் பசை வச்சு ஒட்டினாரு, காயதுக்கு முன்ன பிரிச்சிட்டேன். எனக்கு மே மாசமே தெரியும். டூட்டி நேரத்துல போன் எடுக்கிய, பின்னால எப்பவும் பைப்புத் தண்ணி சத்தம் கேக்குது, ஆபீஸ்ல யாருடே நாள் முச்சூடும் தண்ணி தொறந்து விடுவா? நீயா சொல்லுவேன்னு பாத்தேன், சொல்லல்ல. முட்டை எடுக்கக் கவரைத் தூக்கினப்ப உள்ள நம்ம கட்டிலு. அதையும் கேக்கல்ல, மனுஷன் ராவும் பகலும் மனசுக்குள்ள வெப்ராளப்பட்டுக்கிட்டு நடந்தாரு. ஜெபமணி பாவம், அவரை வீணா ஏசிட்டாரு. அந்தச் சீட்டை எழுதிப் போட்டது நான். வேற யாருட்ட போயி நான் சொல்ல முடியும்? உன்னைக் கூட்ட திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குச் சைக்கிள்ல வாறேன்னு நிப்பாரு, சம்மதிக்காத. நீ பஸ் ஏறி வடசேரியில இறங்கு, நாங்க நிப்போம். நீ வந்து சேந்ததுக்கு ஸ்தோத்திரச் சீட்டும் எழுதி பைபிளுக்குள்ள வச்சாச்சு. அதுல தேதி மட்டும் போடல்ல.